ராணி அழுதால் போதுமா?

2022 செப்டம்பர் 8, இரவு பதினொன்றரை மணி இருக்கும். லண்டன் கிளையண்ட்டிடமிருந்து அவசர டிக்கெட் வந்தது. இரண்டாம் எலிசபெத் இறந்துவிட்டார். இணையதளத்தின் முகப்புப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். ஸ்டைல் ஷீட்டில் ஒரே ஒரு வரி. எழுதி டெப்ளாய் செய்துவிட்டுப் படுத்தேன். தளத்தில் வேறு எதுவும் மாறவில்லை. விலை அதே, பேமெண்ட் பக்கம் அதே, டேட்டாபேஸ் அதே. பார்ப்பவர்களுக்கு மட்டும் தளமே துக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ‘தி குயின்’ படத்தை மறுபடி பார்த்தேன். ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்கி, பீட்டர் மார்கன் எழுதி 2006இல் வந்த படம். ஹெலன் மிரனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. கல்லூரி ஹாஸ்டலில் முதல்முறை பார்த்தபோது அழுதிருக்கிறேன். இந்த முறையும் கண் கலங்கியது. அப்புறம் கோபம் வந்தது.

கதை தெரிந்ததுதான். 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் கார் விபத்தில் டயானா இறக்கிறார். அரச குடும்பம் ஸ்காட்லாந்தில், பால்மோரலில் இருக்கிறது. லண்டனுக்கு வர மனமில்லை. பக்கிங்ஹாம் அரண்மனைக் கம்பம் வெறுமையாக நிற்கிறது. ராணி உள்ளே இருந்தால்தான் அவருடைய கொடி பறக்கும், அதுவும் யார் இறந்தாலும் அரைக்கம்பத்துக்கு இறங்காது என்பது மரபு. வாசலில் பூ மலையாகக் குவிகிறது. பத்திரிகைகள் திட்டுகின்றன. நான்கு மாதம் முன்பு பிரதமரான டோனி பிளேர் ராணியை மெல்ல வழிக்குக் கொண்டுவருகிறார். செப்டம்பர் 5 அன்று ராணி தொலைக்காட்சி நேரலையில் பேசுகிறார். மறுநாள் இறுதிச் சடங்கு. நெருக்கடி தீர்ந்தது.

மோசமான படமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. நல்ல படம் என்பதுதான் பிரச்சினை. ராணி தனியாக லேண்ட் ரோவர் ஓட்டிப் போய் ஆற்றில் மாட்டிக்கொள்கிறார். ஆள் வரும்வரை காத்திருக்கும்போது, கேமராவுக்கு முதுகு காட்டி அழுகிறார். தோள் மட்டும் குலுங்குகிறது. திரும்பினால் எதிரே ஒரு பெரிய கலைமான். அதைச் சுடத்தான் வீட்டு ஆண்கள் அலைகிறார்கள். ‘ஓடிப் போ’ என்று அவர் அதை விரட்டும்போது நாமும் மனசுக்குள் விரட்டுகிறோம். அந்த நிமிடத்தில் படம் ஜெயித்துவிட்டது. வேட்டையாடப்படும் பிராணி மானா ராணியா என்று பிரித்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

இப்போது மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தெருவில் நிற்கும் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு இந்தப் படத்தில் உள்மனசு என்று ஒன்று கிடையாது. பெரும்பாலும் பழைய செய்திப் படத்துணுக்குகளாக வந்து போகிறார்கள். முடியாட்சி எதற்கு என்று கேட்கும் ஒரே முக்கியப் பாத்திரம் பிளேரின் மனைவி ஷெரி. அவர் கேள்வியும் நக்கலாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியில் பிளேரே ராணிக்காகத் தன் ஆலோசகரிடம் கத்துகிறார். கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி வந்து, ‘இந்தப் பூ உங்களுக்குத்தான்’ என்கிறாள். ஜனங்களுக்குத் தரப்பட்ட வேலை அவ்வளவுதான்: முதலில் கோபப்பட வேண்டும், பிறகு மன்னிக்க வேண்டும்.

எது நெருக்கடி? ‘ராணி துக்கத்தைக் காட்டுவாரா?’ என்கிறது படம். அந்தக் காலத்து பிரிட்டனில் உண்மையான சண்டை வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 1992இல் விண்ட்சர் கோட்டை எரிந்தபோது செலவை அரசு ஏற்கும் என்றதும் ஜனங்கள் கொதித்தார்கள். அதற்குப் பிறகுதான், 1993இலிருந்து, ராணி வருமான வரி கட்டத் தொடங்கினார். அதுவும் தானாக முன்வந்து. சட்டக் கட்டாயம் இல்லை. அதே ஏற்பாட்டில் இன்னொரு ஷரத்து: அரசரிடமிருந்து அடுத்த அரசருக்குப் போகும் சொத்துக்கு வாரிசு வரி கிடையாது. மற்றவர்களுக்கு, வரம்புக்கு மேல் 40 சதவீதம். ராணி நின்று அழுத பால்மோரல் இருக்கிறதே, அது அரசுடைமை இல்லை. குடும்பத்தின் சொந்தச் சொத்து, சுமார் 50,000 ஏக்கர். 2022இல் அது மகனுக்குப் போனது.

இன்னொன்று, ராணியின் முன்சம்மதம். அரச குடும்பத்தின் உரிமைகளையோ சொந்த நலன்களையோ தொடும் மசோதா என்றால், நாடாளுமன்றம் நிறைவேற்றுவதற்கு முன்பே அரண்மனையின் ஒப்புதல் வாங்க வேண்டும். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் அரண்மனைக்குப் போயின என்று 2021இல் கார்டியன் நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. ராணியின் தனிப்பட்ட முதலீடுகள் வெளியே தெரியாதபடி 1973இல் அவர் வழக்கறிஞர் ஒரு மசோதாவை மாற்றச் சொல்லி அரசை நெருக்கியதும் அதில் இருந்தது.

என் தொழில் பாஷையில் சொன்னால், 1997இல் ஜனங்கள் பக் ரிப்போர்ட் போட்டார்கள். அரண்மனை யூஐயை மாற்றியது. கொடி இறங்கியது, ராணி டிவியில் வந்தார். பேக்எண்டை யாரும் தொடவில்லை. படமோ யூஐ மாறிய கதையைச் சொல்லி, சிஸ்டமே திருந்திவிட்டது போல நம்மைக் கண்ணீரோடு வீட்டுக்கு அனுப்புகிறது.

“டேய், அது சினிமாடா, ஆடிட் ரிப்போர்ட் இல்ல. ஒரு வாரத்துக் கதையில வரிக்கணக்கு எங்கடா வரும்?” என்றான் நண்பன். நியாயமான கேள்வி. வரிக்கணக்கு வர வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே அரசியல் இருக்கிறது என்கிறேன். அந்த ஒரு வாரத்தில் மட்டும்தான் உலகத்தின் மிகப் பாதுகாப்பான குடும்பம் பாவமாகத் தெரிந்தது.

ஆறு வாரம் தள்ளி கேமராவை வைத்திருந்தால்? அக்டோபரில் ராணி இந்தியா வந்தார். அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக்கில் செருப்பைக் கழற்றி, மலர்வளையம் வைத்து, தலைகுனிந்து நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கூட வந்த கணவர், அங்கே எழுதியிருந்த இறந்தவர் எண்ணிக்கை மிகை என்று சொல்லிச் சர்ச்சையில் மாட்டினார். பிறகு சென்னைக்கு வந்து கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ தொடக்க விழாவில் கலந்துகொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்து, பின்பு அதையே எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானின் கதை அது. நாமும் பெருமையாகக் கைதட்டினோம். டயானாவின் சவப்பெட்டிக்குக் குனிந்த அதே தலை ஜாலியன்வாலா பாக்கிலும் குனிந்தது. இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

அதிகாரத்தில் இருப்பவருக்கும் வலிக்கும் என்று கலை காட்டலாம், காட்டட்டும். ஆனால் அந்த வலி தெரிந்ததாலேயே கணக்குக் கேட்பதை நாம் நிறுத்திவிட்டோம் என்றால், படம் யாருக்கு வேலை செய்திருக்கிறது?

செப்டம்பர் 20, இறுதிச் சடங்குக்கு மறுநாள், இன்னொரு டிக்கெட் வந்தது. அந்த ஒரு வரியை நீக்கினேன். ரோல்பேக் செய்ய வேறு எதுவும் இருக்கவில்லை.