விரற்கண்

எழுத்தைக் கண்ணெனப் போற்றுதல் தமிழர்தம் தொன்றுதொட்ட வழக்கு. ஆயின், அவ்வெழுத்தைப் பிறர் வாயிலாகக் கேட்டறிதல் ஒன்று. தாமே படித்துணர்தல் மற்றொன்று. இவ்வேறுபாட்டை எமக்கு உணர்த்தியவர் கண்ணொளி இழந்த மாணவத் தோழர் ஒருவர். ஒருநாள் அவர்க்கு உரைநூலொன்றைப் படித்துக் காட்டுங்கால், அடிக்குறிப்புக்கள் வேண்டாவெனக் கருதி அவற்றை விடுத்துச் சென்றோம். அஃதறிந்த அவர், "அவை வேண்டா என்று தீர்ப்பளித்தவர் யார், நண்பரே?" என்றார். யாம் நாணினோம். அவ்வினாவிற்கு விடை தேடுங்கால் எம் நினைவிற்கு வருவது ஆப்டகான் என்னும் பொறியின் வரலாறு.

அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டுப் பல்கலைக் கழகத்தில் மின்னியற் பேராசிரியராய் விளங்கியவர் ஜான் லின்வில் என்பார். அவர்தம் மகளார் குழவிப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். 1962-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்திலே, சிறு ஊசிகள் விரைந்து தட்டி எழுத்துக்களைப் பதிக்கும் அச்சுப்பொறி யொன்றைப் பேராசிரியர் கண்டார். அவ்வூசிகள் தாளைத் தட்டுவதற்கு மாறாக விரல் நுனியைத் தட்டினால் விரல் எழுத்தை அறியாதோ என்னும் எண்ணம் அவருள்ளத்தே உதித்தது. ஜேம்ஸ் பிளிஸ் முதலிய அறிஞர் துணைநின்றனர். 1970-இல் டெலிசென்சரி என்னும் நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டில் ஆப்டகான் விற்பனைக்கு வந்தது.

இப்பொறியைக் கையாள்வோர், சிறியதொரு கேமராவை வலக்கையாற் பற்றி அச்சுவரியின்மேல் நகர்த்துவர். இடக்கைச் சுட்டுவிரலோ பொறியினுள்ளே 144 நுண்ணிய ஊசிகளின்மேற் படிந்திருக்கும். கேமராவின்கீழ் வரும் எழுத்தின் வடிவு எத்தகையதோ அவ்வடிவிலேயே ஊசிகள் துடிக்கும். வட்டமான எழுத்து விரலின்கீழ் வட்டமாகவே ஊர்ந்து செல்லும். பொறி எழுத்தை இன்னதென்று கூறுவதில்லை. அதன் உருவை மட்டும் கொணர்ந்து நிறுத்தும். அறிவது படிப்பவர்தம் விரலும் உள்ளமுமே. ஆதலின் அதற்கு மொழி வேறுபாடு இல்லை. கணிதக் குறியும் இசைக் குறியும் அதற்கு ஒன்றே.

இக்கலையைப் பயிலுதல் எளிதன்று. தொடக்கத்தில் நிமிஷத்திற்கு 10 சொற்களளவே கைகூடும். நெடுநாட் பழகித் தேர்ந்தவர் சிலரே 60 சொற்களுக்கு மேற் படிக்க வல்லவராயினர். எனினும், தம் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிறர் உதவியின்றித் தாமே பிரித்துப் படித்தவர்க்கு அவ்வுழைப்புப் பெரிதாகத் தோன்றவில்லை. 1996-இல் ஆப்டகான் செய்வது நிறுத்தப்பட்டது; 2005-இல் நிறுவனமும் மூடப்பட்டது. அதன் பின்னரும் பலர் தம் பொறியைக் கைவிட்டாரல்லர். பழைய பொறிகளைத் தேடி வாங்கினர்; பழுதுற்ற ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றைப் பிழைக்கச் செய்தனர்.

"இது வெறும் பழமைப் பற்று, 1976-லேயே கர்ஸ்வைலின் வாசிப்புப்பொறி அச்சை உரக்கப் படித்ததே, இன்று கைப்பேசியும் அதனைச் செய்கின்றதே, மெல்ல ஊரும் ஊசிகள் எற்றுக்கு?" என்பாரும் உளர். விரைவுபற்றிய அவர்தம் கூற்றை யாம் மறுக்கவில்லை. நாவல் ஒன்றை ஓரிரவில் முடிக்க விழைவார்க்குப் பேசும் பொறியே ஏற்றது. ஆயினும், பேசும் பொறி தான் உய்த்துணர்ந்ததையே உரைக்கும். தவறாக உணர்ந்தால் தவற்றையே தயங்காது கூறும். விரலோ தாளில் உள்ளதை உள்ளவாறே காணும். எழுத்துப் பிழை யாண்டுளது, எச்சொல் சாய்வெழுத்தில் உளது, கையொப்பமிடுங் கோடு எங்குளது என்பனவற்றை விரல் தானே தேடி அறியும். செவிப்புலனும் இழந்தார்க்குப் பேசும் பொறியால் ஆவது யாது? ஆகவே அவர்தம் பற்று பழமையின்மேற் சென்றதன்று, உரிமையின்மேற் சென்றது.

பொருள் ஈட்டுதற்கென எழுந்த நிறுவனம், கொள்வோர் குறைந்த பொருளை என்றும் செய்துகொண்டிருத்தல் இயலாது என்பதை யாம் அறிவோம். எனினும், ஆண்டுக்கணக்கில் முயன்று விரலுக்குக் கல்வி புகட்டியவர்பால் அதற்கொரு கடன் உண்டு. செய்வதை நிறுத்துவோர், பொறியின் அமைப்பு வரைபடங்களையும் பழுதுபார்க்கும் முறையையும் யாவர்க்கும் வழங்கிவிட்டுச் செல்லுதல் வேண்டும். உடலின் உறுப்பேபோல் ஆகிவிட்ட கருவியை ஏனைச் சரக்குகளோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் தகாது.

எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயுவை நாம் அனைவரும் அறிவோம். அவன் குருடன் என்பது கூட்டத்தார் யாவர்க்கும் தெரியும்; நம் ஆண்டவர்க்கும் தெரியும். எனினும் அவர் அவன் வேண்டுவது யாதென முதலில் அவனையே வினவினார். கூட்டத்தாரோ அவனைப் பேசாதிருக்குமாறு அதட்டினர். உதவி செய்யப் புகும் நாம் இவ்விரு திறத்தாருள் யார் பக்கம் நிற்கின்றோம்?

நம் கல்லூரிகளிலே பார்வையற்ற மாணவர்க்குப் படித்துக் காட்டும் அன்பர் பலர் உளர். அது நற்பணியே, அதனை விடுதல் கூடாது. ஆயின் எதனைப் படிப்பது, எதனை விடுப்பது, எக்கருவியைக் கொள்வது என்பவற்றை முடிவு செய்பவர் கேட்பவரே ஆதல் வேண்டும். யாம் இப்பொழுது அடிக்குறிப்புக்களையும் படிக்கின்றோம். வேண்டாவெனின் தோழரே நிறுத்தச் சொல்லுகின்றார்.