ஐந்தாவது குருவி

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது, பங்கு மக்களில் ஒருவர் நாளிதழை நம்மிடம் நீட்டிக் கேட்டார்: “சாமி, இருக்கிறதா செத்ததா என்றே தெரியாத ஒரு பறவையைத் தேடப் பணம் செலவழிக்கிறார்களே, இது நியாயமா? இந்த மாவட்டத்தில் ஃபுளூரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்தவர்களும் எலும்பு வளைந்தவர்களும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?”

மாரண்டஹள்ளியில் வாழும் எவரும் இக்கேள்வியை அலட்சியம் செய்ய இயலாது. ஆயினும் இதற்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

அப்பறவை ஜெர்டன் கல்குருவி. தெலுங்கு மக்கள் ‘கலிவிகோடி’ என்பர். கலிவி என்பது நமது களாச் செடியே. பகலெல்லாம் முட்புதரில் பதுங்கி, இரவில் இரை தேடுவது. ஜெர்டன் என்னும் மருத்துவர் வழியாக 1848-இல் அறிவியல் உலகம் இதனை அறிந்தது. 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. அழிந்தது என்றே பலரும் முடிவு கட்டினர். ஆனால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தேடலைக் கைவிடவில்லை. 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்து லங்கமலை அடிவாரத்தில் பறவை அகப்பட்டது. கண்டுபிடித்துக் கொடுத்தவர் பட்டம் பெற்ற அறிஞரல்லர். பறவை பிடித்துப் பிழைக்கும் உள்ளூர் ஏழை ஒருவர். எண்பத்தாறு ஆண்டுகளாக ‘இல்லை’ என்று நாம் சொல்லிவந்தது, உண்மையில் ‘தேடவில்லை’ என்பதேயாகும்.

பின்னர் மீண்டும் பல ஆண்டுகள் உறுதியான தடயம் இன்றிக் கழிந்தன. 2025 ஆகஸ்டில் ஆந்திரத்தில் அதன் குரலைப் பதிவு செய்ததாகப் பறவை ஆர்வலர்கள் அறிவித்தனர். இத்தேடலின் கருவிகள்தாம் எவை? புதர்களுக்கிடையே மென்மண்ணைப் பரப்பி வைத்து, விடியலில் காலடித்தடம் பார்ப்பது. இரவில் செவி சாய்த்துக் காத்திருப்பது. தானியங்கிப் புகைப்படக் கருவி. கருவூலத்தைக் காலி செய்யும் ஆடம்பரமா இவை?

‘இறந்துவிட்டது’ என்று அவசரமாக எழுதிவிட்டால், அது வாழும் நிலத்திற்கும் பாதுகாப்பு நீங்கிவிடும். முட்புதர்க் காட்டைத் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதிவைத்திருக்கிறோம். கல்குவாரிக்கும் கட்டடத்திற்கும் முதலில் பறிபோவது அதுவே. ஆடு மேய்ப்பவரும் சுள்ளி பொறுக்கும் பெண்ணும் பிழைப்பதும் அதே நிலத்தில்தான். பறவையை அங்கிருந்து துரத்தும் கை, அந்த ஏழையை விட்டுவைக்குமா?

2005-இல் தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய் ஒன்றிற்காக இப்பறவையின் வாழிடத்தில் மண் தோண்டப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. கால்வாய் கைவிடப்படவில்லை, அதன் வழி மாற்றப்பட்டது. தண்ணீரா பறவையா என்று பொய்யான தராசைத் தூக்குவோர் இதனை நினைவிற் கொள்ளட்டும்.

பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசியபோது, முந்நூறு தெனாரியத்திற்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குக் கேட்டவன் யூதாசு. அவன் ஏழைகள்மீது கவலை கொண்டு கேட்கவில்லை என்று யோவான் தெளிவாக எழுதுகிறார். முற்றத்தில் கேட்ட அன்பரை யூதாசு என்று நாம் சொல்லவில்லை. அவர் உள்ளம் தூயது. ஆனால் திருவிழாவில் நாம் வானத்தில் வெடித்துக் கரைக்கும் வாணவேடிக்கையின்போது இந்த ஏழை ஏன் நம் நினைவுக்கு வருவதில்லை? பறவை என்றதும் மட்டும் ஏன் வருகிறார்? பறவைக்கு மறுத்த பணம் நம்மூர்க் குழாயில் நன்னீராக வந்துவிடுமா? தண்ணீருக்காக அரசிடம் உரிமையோடு போராடுவோம். அப்போராட்டத்திற்கு வாய் பேசாத ஓர் உயிரை ஈடு வைக்க வேண்டாம்.

செலவுக்குக் கணக்கு கேட்பது முறையே. நகரத்து விடுதிகளில் கூடிக் கலையும் மாநாடுகளுக்கு அப்பணம் போகாமல், காட்டை அறிந்த ஊர் மக்களுக்குக் கூலியாகச் சேர வேண்டும். தேடியும் கிடைக்காத பறவைகள் உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் ‘இல்லை’ என்ற தீர்ப்பு தேடலின் முடிவில் வர வேண்டும். நமது சலிப்பிலிருந்து வரக்கூடாது.

படைப்புகள் பலவாக இருப்பதேன் என்ற வினாவுக்குப் புனித தோமா அக்குவினாஸ் தந்த விடையைக் குருமடத்தில் பயின்றோம்: இறைவனின் நன்மைத்தனத்தை எந்த ஒரு படைப்பும் தனித்து வெளிப்படுத்த இயலாது, ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ மடலில், நம்மால் அழியும் உயிரினங்கள் இனித் தம் இருப்பால் இறைவனைப் புகழ இயலாதே என்று வருந்துகிறார்.

மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள்; லூக்காவிலோ இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறு. சந்தையில் அதற்கு விலையே இல்லை. அந்த ஐந்தையும் சொல்லி, அவற்றுள் ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். லங்கமலைப் புதரில் ஒளிந்திருப்பது அந்த ஐந்தாவது குருவியே. கடவுள் மறவாத ஒன்றைத் தேடுவதை வீண்செலவு என்று சொல்லுமுன், நாம் யாருடைய கணக்கேட்டைக் கையில் வைத்திருக்கிறோம் என்று சிந்திப்போமாக.