பயாப்ஸியில் 'புற்று இல்லை'ன்னு வந்தா மட்டும் போதுமா? குரல்வளை மருக்கள் பற்றி ஒரு பார்வை

குழந்தைக்குக் குரல் கரகரன்னு இருந்தா, "கத்திக் கத்தி விளையாடுறான், அதான்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வாரக்கணக்கில் குரல் தெளியாமல், மூச்சு விடும்போது சத்தமும் கேட்டால், ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டியே ஆகணும். குரல்வளை பாப்பிலோமாவை ஆஸ்துமா என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது.

ஹெச்பிவி வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் குரல் நாண்களில் முளைக்கும் மருக்கள் இவை. குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுகிறது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் விரல் விரலாக நீண்ட திசு தெரியும். நடுவே மெல்லிய ரத்தக் குழாய்கள், மேலே அடுக்கடுக்காகச் செதிள் செல்கள். குழந்தையோ பெரியவரோ, அடிப்படைத் தோற்றம் ஒன்றுதான். ரிப்போர்ட்டிலும் 'புற்று அல்லாத கட்டி' என்றே வரும்.

ஆனால் நோய் நடந்துகொள்ளும் விதம் ஒன்றல்ல. குழந்தைகளின் மூச்சுப்பாதை குறுகியது. மருவும் வேகமாக வளரும். எடுத்தாலும் திரும்ப வரும். 3 வயதுக்குள் கண்டறியப்படும் குழந்தைகளுக்கு அதிக ஆபரேஷன்கள் தேவைப்படுவது வழக்கம். பெரியவர்களிடம் பொதுவாக வேகம் குறைவு. ஆனால் செல்கள் ஒழுங்கு தவறும் 'டிஸ்பிளேசியா' அவர்களிடம்தான் அதிகம். அரிதாக அது புற்றாகவும் மாறலாம்.

அதனால் 'புற்று இல்லை' என்ற வார்த்தையோடு நிம்மதியாகிவிடக் கூடாது என்பேன். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க: மரு எத்தனை இடத்தில் இருக்கு? எவ்வளவு இடைவெளியில் திரும்ப வருது? செல்லில் மாற்றம் ஏதாவது தெரியுதா? நோயின் தீவிரம் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

தடுக்க வழி இருக்கா? இருக்கு. ஆஸ்திரேலியாவில் 2007-இல் 6, 11 வகைகளையும் உள்ளடக்கிய ஹெச்பிவி தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 2012-இல் 1 லட்சம் குழந்தைகளுக்கு 0.16 ஆக இருந்த புதிய பாதிப்பு, 2016-இல் 0.02 ஆகக் குறைந்தது.

நாமோ இதைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான ஊசியாக மட்டுமே பேசுகிறோம். இரண்டு வகை வைரஸுக்கான ஊசியில் 6, 11 கிடையாது. நான்கு வகைக்கானதில் உண்டு. மகளுக்கோ மகனுக்கோ ஊசி போடும் முன், எது என்று கேட்டுக்கொள்ளுங்க. நாளை அவர்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் குரலுக்கும் மூச்சுக்கும் அது பாதுகாப்பு.