வணிகருக்குப் பொழுதுபோக்கு தேவையா?



வரி, வாடகை, வாராக்கடன் என்று எழுதிப் பழகிய இந்தப் பக்கத்தில் பொம்மைக் கார் பற்றி எழுதுகிறோமே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்துப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இதிலும் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. வியாபாரத்துக்கு அப்பாற்பட்ட கணக்கு ஒன்றும் இருக்கிறது.

நமக்குத் தொழில் வெங்காய மண்டி. கொத்தவால்சாவடியில் தந்தையாரோடு கல்லாவில் உட்கார்ந்து தொழில் பழகினோம். 1996-இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியபோது நாமும் மாறினோம். விடியற்காலையில் லாரி, பகலில் வசூல், இரவில் கணக்கு. இதைத் தவிர வேறொன்றும் அறியோம். சீட்டாட்டம் கிடையாது, சினிமா கிடையாது. அதையே பெருமையாகவும் சொல்லி வந்தோம்.

2020 மே மாதத்தில் கொரோனா காரணமாகக் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போயிற்று. அறுபதைத் தாண்டியவர் வெளியே வர வேண்டாம் என்று நம்மை வீட்டில் நிறுத்திவிட்டு மகன் மட்டும் போய் வந்தான். தினமும் இருபது தடவை அவனுக்குப் போன் செய்து, "என்ன ரேட் போகுது?" என்று கேட்போம். ஒரு நாள் அவன் பதில் சொல்லாமலே வைத்துவிட்டான். கடை இல்லாவிட்டால் நாம் யார் என்ற கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை.

அந்த நிலையில் நமக்குக் கை கொடுத்தவன் பேரன். அவனுக்குச் சின்னக் கார்கள் கட்டுவதில் ஆசை. அதற்கு முந்தின வருஷம், "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று அவன் கட்டிய காரைப் பரணில் தூக்கிப் போடச் சொன்னதும் நாமேதான். பொழுது போகாமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். அவன் பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் நம் கையில் ஒரு உப்புத்தாளைக் கொடுத்து, "தேயுங்க தாத்தா" என்றான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்தக் கலை முழுவதும் அளவில்தான் இருக்கிறது. உண்மைக் காரை இத்தனையில் ஒரு பங்கு என்று சுருக்குகிறார்கள். நம் காலத்து அம்பாசடர் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். 24-இல் ஒரு பங்காகச் செய்தால் 18 செ.மீ.; 43-இல் ஒரு பங்கு என்றால் 10 செ.மீ.; 64-இல் ஒரு பங்கு என்றால் 7 செ.மீ.கூட இல்லை. ஒரு அளவை எடுத்துக்கொண்டால் கதவு, சக்கரம், பக்கத்தில் நிற்கும் ஆள், அவன் கையிலுள்ள கூடை எல்லாமே அதே அளவில் வரவேண்டும். ஒன்று பிசகினாலும் காட்சி பொய்யாகிவிடும். தராசு பிடித்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபட்டது.

இதன் வியாபாரக் கதையும் நம்மவர் அறிய வேண்டியது. லண்டனில் 1947-இல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் தங்கள் பெயர்களைச் சேர்த்து 'லெஸ்னி' என்ற கம்பெனி தொடங்கினார்கள். அதில் சேர்ந்த ஜாக் ஓடெல் என்பவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. தகப்பனார் பித்தளையில் தீப்பெட்டிக்குள் அடங்கும்படி ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'மேட்ச்பாக்ஸ்' கார். வாடிக்கையாளர் யார், அவர் பையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துச் சரக்கு செய்தவர் ஜெயித்தார்.

ஆனால் 1968-இல் அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி, வேகமாக உருண்டோடும் 'ஹாட் வீல்ஸ்' கார்களைக் கொண்டுவந்தது. லெஸ்னியும் சக்கரத்தை மாற்றி ஈடு கொடுத்துப் பார்த்தது. இருந்தும் 1982-இல் நொடித்துப்போனது. கைமாறிக் கைமாறி, 1997-இல் மேட்ச்பாக்ஸ் அந்த மேட்டல் கையிலேயே போய்ச் சேர்ந்தது. நல்ல பெயர் மட்டும் கடையைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

காரோடு இது நிற்பதில்லை. காரைச் சுற்றி ஒரு காட்சியும் அமைக்கிறார்கள். அதில் வேடிக்கையும் சேர்க்கிறார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில், ஒரு காலத்தில் காப்பியும் வாசனைச் சரக்கும் அடுக்கிய பழைய கிடங்குப் பகுதியில், பிரெடரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் ஒரு சின்ன உலகத்தையே திறந்தார்கள். 87-இல் ஒரு பங்கு அளவில் ஊர்களும் ரயில்களும் தாமே ஓடும் கார்களும் இருக்கின்றன. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சின்ன மனிதர்களுக்கு நடுவில் ஆங்காங்கே சிரிப்பான சங்கதிகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். காலியான கிடங்கை இப்படியும் காசாக்கலாம்.

நமக்கு இது புதிதா என்றால் இல்லை. நவராத்திரிக் கொலுவில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி செய்து, பார்க் கட்டியது நம் வீட்டுப் பெண்கள்தானே? பருப்பும் அரிசியும் முன்னால் குவித்துவைத்துத் தொந்தியோடு உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை, வணிகரைப் பார்த்து ஊர் செய்த செல்லக் கேலி அல்லவா? அந்தக் கேலியை நாமே முதல் வரிசையில் வைத்துக் கும்பிட்டோம்.

பேரனும் நாமும் சேர்ந்து கொத்தவால்சாவடிச் சந்து ஒன்றை 24-இல் ஒரு பங்காகக் கட்டினோம். உப்புத்தாள் தார் ரோடு ஆயிற்று. காய்ந்த தேயிலைத்தூள் மண் ஆயிற்று. பழைய கோணியைக் கிழித்து விரல் நீள மூட்டைகள் தைத்தோம். வெங்காயத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக் கடைசியில் கடுகை எடுத்துக்கொண்டோம். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு கைவண்டிகளுக்கு நடுவில் ஒரு அம்பாசடர் சிக்கி நிற்கிறது. கணக்குப்பிள்ளை பேரேட்டின் மேல் தலைவைத்துத் தூங்குகிறார். நடுவில் முதலாளி ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு கத்துகிறார். எதிரே சுமைக்காரர் தலை குனிந்து நிற்கிறார். முதலாளியின் முதுகுக்குப் பின்னால் ஒரு மாடு கூடையோடு காலி செய்துகொண்டிருக்கிறது.

அந்த முதலாளி நாம்தான். 1985 வாக்கில் நடந்தது அது. ஒரு மூட்டை கிழிந்ததற்காகச் சுமைக்காரரைச் சந்து கேட்கத் திட்டி, கூலியில் ஐந்து ரூபாய் பிடித்தோம். திட்டி முடிப்பதற்குள் மாடு அதைவிட அதிகமாகத் தின்றுவிட்டது. வீட்டில் வேடிக்கையாக எத்தனையோ தடவை சொன்ன கதை இது. சொன்னபோதெல்லாம் மாடுதான் நினைவில் இருந்தது. பேரன் செய்து வைத்த பிறகுதான் தலை குனிந்து நின்றவர் நம் கண்ணில் பட்டார்.

மார்க்கெட் திறந்தபின் அந்தக் காட்சியைக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். ஒருநாள் அந்தச் சுமைக்காரரே, இப்போது எழுபது வயது, வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மொதலாளி, மாடு செவலை. நீங்க வெள்ளையா பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார். அப்புறம், "அன்னிக்குப் புடிச்ச அஞ்சு ரூபா எங்க? அதையும் செஞ்சு வெச்சிருக்கலாமே?" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் நாம் என்ன செய்தோம் என்பது அவருக்கும் நமக்கும் உள்ள கணக்கு, இங்கே எழுதுவதற்கில்லை. மாட்டுக்குச் செவலை வர்ணம் அடித்தாயிற்று என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

நாற்பது ஆண்டுப் பேரேட்டில் இந்த ஐந்து ரூபாய் வரவாகத்தான் இருந்தது. அது பாக்கி என்பதை ஒரு பொம்மைதான் காட்டிக் கொடுத்தது. ஆகவே பொழுதுபோக்கு என்பது வீண் வேலை என்ற நம் பழைய கருத்தை இங்கே வாபஸ் பெறுகிறோம்.

செலவு என்பார்கள். விலை உயர்ந்த கிட் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. எங்கள் சந்துக்கு ஆன செலவில் பெரும்பகுதி பசையும் பெயிண்டும்தான். நேரம் என்பார்கள். இரவில் டி.வி. முன் போகும் ஒரு மணி நேரம் போதும். ஹார்டுவேர், ஸ்டேஷனரி, பொம்மைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இதில் வியாபாரமும் உண்டு. உப்புத்தாள், பசை, சின்னத் தூரிகை, வர்ணம் எல்லாம் நீங்கள் விற்கும் சரக்குதான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது என்பதை மட்டும் மறவாமல் கொள்முதல் செய்யுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் பொன்னாடைகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, மண்டபத்தில் ஒரு மேஜை போடுங்கள். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் பழைய கடையைச் சிறிதாகச் செய்து கொண்டுவரட்டும். இடிந்துபோன கட்டடங்களும் மறைந்துபோன கைவண்டிகளும் அந்த மேஜையில் மிஞ்சும். தாத்தாக்களைப் பற்றிய சில உண்மைகளும் அங்கே வெளிவரும், சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வோம்.

மூத்த வணிகர்களுக்குச் சொல்வது இது: மகன் கல்லாவில் உட்காரும் நாள் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு அவனுக்கு இருபது போன் செய்யாதிருக்க, கைக்கு ஒரு வேலையை இன்றே பழகிக்கொள்ளுங்கள். பரணில் பேரன் கட்டிய கார் ஏதாவது கிடந்தால், முதலில் அதை இறக்கித் தூசி தட்டுங்கள்.