தொட்டிலருகே நின்றுவிட்ட வைத்தியம்

பிணி தீர்க்கும் கலைக்கு நான்கு உறுப்புகள் உண்டென்று வள்ளுவர் வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து, நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. அந்த நான்காமவனை அவர் மறவாது சேர்த்துக்கொண்டதன் அருமையை, நமது நாட்டின் சுகாதார சேவையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நான் உணர்கிறேன். வைத்தியர்களின் தொகையையும் மருந்தின் இருப்பையும் கணக்கெடுக்க நம்மிடம் அலுவலகங்கள் பல உள. அருகிருந்து பணிபுரிபவரைக் கணக்கெடுப்பார் இலர். நாம் பிறக்கும்போது அவரை அரசாங்கம் நமது வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. இறக்கும்போது அனுப்ப மறந்துவிடுகிறது. நான் இங்கே சொல்ல விழைவது இதுவே.

பெருமைப்பட வேண்டியதை முதலில் பெருமையோடு சொல்லிவிடுதல் நேர்மை. மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டை உலுக்கிய 1935ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. அக்காலத்தில் ஆயிரம் பிரசவங்களுக்கு இருபதுக்கு மேற்பட்ட தாய்மார் உயிர் துறந்தனர். இன்று ஆயிரம் குழந்தைகளில் மடிவன பத்துக்கும் குறைவு. இலட்சம் பிரசவங்களில் இறக்கும் தாய்மார் ஏறத்தாழ முப்பதின்மர். நம்மிலும் செல்வம் மிகுந்த பல நாடுகள் எட்டாத நிலை இது.

இச்சாதனை எவ்வாறு கைகூடிற்று? பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அதில் பங்குண்டு. ஆனால் அடித்தளம் இட்டது வேறொன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. குறிப்பிட்ட பிரதேசத்து மக்களின் சுகநலத்தைப் பேணும் பொறுப்பு ஒரு வைத்திய அதிகாரியிடமும் அவருடன் பணியாற்றும் மருத்துவமாதரிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்கள் கிராமத்தின் நோயையும் காணவேண்டியவரானார்கள். 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிந்தது. இவ்வளவுக்கும் இடையில், குடையும் கைப்பையுமாக ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த மருத்துவமாதுதான் இத்தீவின் பிள்ளைகளைக் காத்தவள்.

மூவாயிரம் பேருக்கு ஒருத்தி என்பது அவளுக்கு விதிக்கப்பட்ட பொதுக் கணக்கு. ஒரு பெண் கருவுற்ற செய்தி அயலவர் காதுக்கு எட்டுமுன் அவள் காதுக்கு எட்டிவிடும். கர்ப்பிணிக்கு ஓர் அட்டை, பிறந்த பிள்ளைக்கு இன்னோர் அட்டை, நிறுத்துப் பார்க்கத் தராசு, மெலிந்த தாய்க்குத் திரிபோசா மா. 'கிளினிக்'குக்கு வராதவளைத் தேடி அவளே படலையைத் திறந்துகொண்டு வருவாள். எங்கள் பாட்டிமாருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் இடத்தில், பயிற்சியும் சம்பளமும் உடைய ஒருத்தியை அரசாங்கம் அமர்த்திற்று. வள்ளுவர் சொன்ன நான்காம் உறுப்பை நாடு தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி என்று இதனைச் சொல்வேன்.

குழந்தை வளர்ந்து, தடுப்பூசிகள் முடிந்து, பள்ளிக்கூடம் சென்றபின் என்ன நடக்கிறது? அன்றுதொட்டு நோயாளியே வைத்தியத்தைத் தேடிப் போகவேண்டும். வாலிபத்தில் இது பெருங்குறையாகத் தோன்றாது. வயது ஏற ஏற வழி நீளுகிறது, கால் தளருகிறது. இன்று இந்நாட்டில் இறப்போரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் முதலான தொற்றா நோய்களால் இறக்கின்றனர். ஆண்டுக்கணக்கில் உடனிருந்து வாட்டும் நோய்கள் இவை. வீடு தேடி வரும் ஒருவர் மிகவும் வேண்டப்படும் பருவத்திலேதான் வீடு தேடி வருவார் இல்லாமற் போகிறார்.

நான் வாழும் ஆலையடிவேம்பைக் கொண்டே இதனை விளக்கலாம். இது அக்கரைப்பற்றோடு ஒட்டிக் கிடக்கும் ஊர்; தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சந்தை ஒன்று, பிரதேச செயலகங்கள் இரண்டு. பனங்காட்டில் ஒரு பிரதேச வைத்தியசாலையும், அக்கரைப்பற்றில் ஓர் ஆதார வைத்தியசாலையும் உள. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் அவை பெருந்துணை. பெருநோய் என்று வந்துவிட்டாலோ பயணம் தொடங்கிவிடுகிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை அறுபது கிலோமீற்றருக்கு மேல். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். உள்நாட்டுப் பக்கமாக உள்ள அளிக்கம்பையில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குறவர் குடிகள் வாழ்கின்றன. அவர்களுக்கு அக்கரைப்பற்றே ஒரு பயணம்.

ஆஸ்பத்திரி வாயிலில் பணம் கேட்பார் எவருமில்லை என்பது உண்மை. அந்த வாயிலை அடைவதற்குத்தான் பணம் வேண்டும். வான் கூலி, துணைக்குச் செல்பவரின் நாட்கூலி இழப்பு, 'வெளியில் எடுங்கள்' என்று எழுதித் தரப்படும் மருந்து, தனியார் நிலையத்தில் செய்யவேண்டிய பரிசோதனை ஆகிய இவையெல்லாம் ஏழையின் மடியிலிருந்தே போகின்றன. இலவச வைத்தியத்துக்குப் பேர்போன இந்நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை நெருங்கும் பங்கை மக்களே தம் கைப்பணமாகச் செலுத்துகின்றனர். 2022இன் பொருளாதார வீழ்ச்சியின்போது மருந்துத் தட்டுப்பாடு இச்சுமையை இன்னும் ஏற்றிற்று. வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றில் பணியாற்றிய ரியூடர் ஹார்ட் என்ற வைத்தியர், எங்கே தேவை அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைந்தே கிடைக்கிறது என்ற கருத்தை 1971இல் ஒரு விதியாகவே எழுதினார். அவர் அளிக்கம்பையைக் கண்டதில்லை. கண்டிருந்தால் தமது விதிக்கு இன்னொரு சான்று பெற்றிருப்பார்.

தூரத்தைப் போலவே மொழியும் ஒரு தூரம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் மாகாணத்தை விட்டு வெளியே செல்லும் எங்கள் நோயாளியின் கையில் உள்ள கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே சொல்லப்படும் விளக்கம் சிங்களத்தில் இருக்கும். அவர் அறிந்தது தமிழ் மட்டுமாக இருக்கும். தன் உடம்பில் என்ன நோய் என்பதை நோயாளி கடைசியாக அறிகிறார். சில வேளை அறியாமலே போகிறார். நோயாளியே முதல் உறுப்பு என்பதை நாம் ஏட்டில் மட்டும் படித்திருக்கிறோம்.

நமக்குள்ளே நாம் இட்டுக்கொண்ட வேலிகளையும் சொல்லாது விடுதல் முறையன்று. கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள. வடக்கில் உள்ளதைத் தமிழருடையது என்றும், அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையை முஸ்லிம்களுடையது என்றும் மக்கள் பிரித்துப் பேசுகின்றனர். போர்க்காலத்தில் ஒருவர் தெருவை மற்றவர் கடக்க அஞ்சிய நாட்களை மறந்துவிட்டு இந்நிலையைப் பழிப்பது தகாது. அந்நாட்களில் அருகில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தமை பலருக்கு உயிர்ப்பிச்சையாயிற்று. ஆயின் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்தபின்னும், எந்த நிபுணர் எந்தப் பக்கம், எந்தக் கருவி எந்தப் பக்கம் என்று வாதாடுவதிலேயே நமது வலிமை செலவாகுமானால், இரு சமூகத்திலும் உள்ள ஏழையே நட்டமடைவான். இரண்டு நகர வைத்தியசாலைகளுக்காகப் பேச இரு தரப்பிலும் அரசியல்வாதிகள் உளர். வீட்டில் படுக்கையாய்க் கிடப்பவருக்காகப் பேச எவருளர்?

அந்தப் படுக்கையண்டை இனிச் செல்வோம். இக்கரையின் குடிமரபு தனிச்சிறப்புடையது. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் வீடு பெண்ணுக்கு. மணமகன் பெண் வீட்டுக்கு வருவான். ஆகவே தாய் தன் மகளின் அருகிலேயே முதுமை அடைவாள். முதியோர் இல்லம் என்ற ஒன்றை எண்ணாமலே பல தலைமுறைகள் வாழ்ந்ததன் இரகசியம் இது. ஆனால் வறுமை அந்த மகளைக் குவைத்துக்கும் சவூதிக்கும் பணிப்பெண்ணாக அனுப்பிவைத்தது. வேறொருவர் வீட்டு முதியவரை அவள் அங்கே பராமரிக்க, அவளைப் பெற்றவள் இங்கே பேரப்பிள்ளைகளோடு தனித்திருக்கிறாள்.

எனது அயல்வீட்டில் இவ்வாறு ஒரு மூதாட்டி வாழ்ந்தார். மார்பில் தோன்றிய புற்றுநோய் எலும்புக்குப் பரவியபின், தூரத்து ஆஸ்பத்திரியொன்றிலிருந்து அவரை அனுப்பிவைத்தனர். 'இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்' என்ற ஒரு வாக்கியமே துணையாக வந்தது. யார் பார்ப்பது, எதைக்கொண்டு பார்ப்பது என்பதை அவ்வாக்கியம் சொல்லவில்லை. பனடோல் குளிசை தீர்க்கக்கூடிய நோவா அது? நான் சென்று பார்த்த ஒரு மாலையில் அவர் சொன்னார்: "சாகப் பயமில்ல மனே. இந்த நோவுக்குத்தான் பயம்." அவர் கேட்டது உயிரையன்று. நோவைத் தணிக்கும் மருந்து உலகில் நூறாண்டுகளுக்கு முன்பே உண்டு, விலையும் அதிகமன்று. மோர்பின் என்ற அம்மருந்து அவருக்குக் கிடைத்தது கடைசி வாரத்தில், அதுவும் ஓட்டோவில் ஏற்றி இறக்கி அலைக்கழித்த பின்னர்.

இது ஒருவரின் விதியன்று. உலக நாடுகளுக்கு ஓராண்டில் விநியோகிக்கப்பட்ட மோர்பின் வகை மருந்து ஏறத்தாழ 299 மெற்றிக் தொன் என்றும், அதில் மிக வறிய நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு தொன்னில் பத்திலொரு பங்கே என்றும் லான்செட் ஆணைக்குழு 2017இல் கணக்கிட்டது. பசியைப் போலவே நோவும் ஏழைகளுக்கே மிகுதியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

இதற்கு வழி இல்லையா? கடலுக்கு அப்பால் கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்களும் ஊரவரும் நோவு தணிக்கும் சங்கமொன்றை நிறுவினர். மலப்புறம் மாவட்டத்துத் தெருக்களில் அது வேரூன்றிற்று. கூலியாட்களும் கடைக்காரரும் மாணவரும் வாரத்தில் சில மணி நேரத்தைப் படுக்கையில் கிடப்போருக்கு ஈந்தனர். 2008இல் மாநில அரசாங்கம் அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் தாதியர் வீடு வீடாகச் செல்லலாயினர். பிரசவத்துக்கு நாம் செய்ததை அவர்கள் மரணத்துக்குச் செய்தார்கள். நம்மிடமும் பொதுச் சுகாதாரத் தாதியர் என்றொரு பதவி உண்டு. அவர்களுடைய தொகையோ மருத்துவமாதரின் தொகைக்கு அருகில் வைத்து எண்ணத்தக்கதன்று.

இறப்பு நெருங்கும்போது வராத அரசாங்கம் இறந்தபின் வந்ததையும் இக்கரை மக்கள் அறிவார்கள். 2020 ஏப்ரில் மாதத்தில், கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டும் என்று வர்த்தமானிக் கட்டளை பிறந்தது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. நிலத்தடி நீரின் பேரால் அவ்வழி மறுக்கப்பட்டது. நீராட்டி, கபனிட்டு, ஜனாஸாத் தொழுது, மண்ணில் நல்லடக்கம் செய்வது இஸ்லாமியர் இறந்தவருக்குச் செய்யும் கடைசிப் பணி. அதுவும் அருகிருந்து செய்யும் பணிதானே! அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான சிசுவொன்று பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பில் எரிக்கப்பட்டது. மயான வாயிலில் மக்கள் வெண்துணி கட்டித் துயரம் தெரிவித்தனர். 2021 பெப்ரவரியில் கட்டளை மாற்றப்பட்டது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. சாம்பலான உடல்கள் திரும்பி வரவில்லை. பிறப்பில் மருத்துவமாதாக வந்த அரசாங்கம் இறப்பில் கட்டளையாக வந்தது என்பதே இதன் பொருள்.

பெற்றாரைப் பேணுவது பிள்ளைகளின் கடன், அதற்கு அரசாங்கம் எதற்கு என்பார் உளர். பிரசவமும் ஒரு காலத்தில் குடும்பத்தின் தனிக் காரியமே. மருத்துவமாது வந்ததனால் எந்தத் தாயும் தாய்மையை இழக்கவில்லை. அவளுக்கு ஒரு துணை கிடைத்தது. பணம் எங்கே என்பாரும் உளர். 1926இல் இந்நாடு செல்வத்தில் புரளவில்லை. பெருங்கட்டடத்துக்கும் இறக்குமதிக் கருவிக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கிராமத்துப் பெண்ணொருத்தியைப் பயிற்றிச் சம்பளம் கொடுத்து வீடு வீடாக அனுப்புவது சிறு செலவே. நமது வரலாற்றில் மிகுந்த பலன் தந்த செலவும் அதுவே.

ஆகவே நான் வேண்டுவன சிலவே. மருத்துவமாது பணிபுரியும் ஒவ்வொரு பிரிவிலும் முதியோரையும் மரணத்தை எதிர்நோக்கியிருப்போரையும் நாடிச் செல்லும் தாதி ஒருத்தி வேண்டும். நோவு தணிக்கும் மருந்து பனங்காடு போன்ற சிற்றூர் வைத்தியசாலைகளிலும், தக்க பாதுகாப்போடு, என்றும் இருக்கவேண்டும். நோயாளியின் கையில் கொடுக்கும் கடிதத்தோடு அவர் வாசிக்கக்கூடிய மொழியில் நான்கு வரிகளேனும் எழுதப்படவேண்டும். கல்முனையின் இரு வைத்தியசாலைகளும் தத்தம் நிபுணரையும் கருவிகளையும் பகிர்ந்து, மிச்சப்படுவதைக் கிராமங்களுக்கு விடவேண்டும்.

இவற்றுள் பலவற்றுக்கு அரசாங்கம் வேண்டும். ஒன்றுக்கு நாமே போதும். ஆசிரியரும் மாணவரும் இலக்கிய வட்டத்தாரும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கித் தம் தெருவில் படுக்கையாய்க் கிடக்கும் ஒருவரின் வீட்டுப் படலையைத் திறப்பாராயின், திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைக் கற்றதற்கு அது பொருளாகும். இந்நாட்டில் ஒரு பிள்ளையும் எவரும் அறியாமல் பிறப்பதில்லை என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். எவரும் அறியாமல் ஒருவரும் நோவோடு இறப்பதில்லை என்று சொல்லும் நாளே அப்பெருமை நிறைவு பெறும் நாள்.