பின் ஸீட்டுப் பிரயாணம்

"அம்மா, இந்த சனி ஞாயிறு நாங்க மோட்டார் சைக்கிள்ல ஏலகிரி போறோம். ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கப் போறோம்."

ரசத்துக்குத் தாளித்துக் கொண்டிருந்தேன். வெடித்தது கடுகா, என் தலையா என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

"நாங்கன்னா யார்?"

"நான், காலேஜ் சிநேகிதி, ஆபீஸ்லேருந்து ஒருத்தி, அவ வீட்டுக்காரர். மூணு வண்டி."

"கூடாரம் எதுக்கு? ஏலகிரியில் ஓட்டலே இல்லையா?"

"ஓட்டல் அறையில படுத்துக்கறதுக்கு நம்ம மாம்பலத்திலேயே படுத்துக்கலாமேம்மா!"

மழை, பாம்பு, லாரி, ஜலதோஷம் என்று வரிசையாக ஆட்சேபணைகளை எடுத்து விட்டேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில் அவள், "அவ்வளவு பயமா இருந்தா நீயும் வா. என் பின் ஸீட்டு காலிதான்" என்றாள். நான் மாட்டேன் என்பேன் என்று நிச்சயமாக நம்பித்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் வாயில் வந்தது, "வரேன்!"

சகோதரிகளே, நான் மோட்டார் சைக்கிளில் ஏறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாக ஏறியது 1991-ல். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். புதுப் பட்டுப் புடவை, ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். கிண்டியருகே முந்தானை பின் சக்கரத்தில் சிக்கியது. வண்டி மெதுவாகப் போனதால் உயிர் பிழைத்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. மழைக் காலத்தில் அது இன்றைக்கும் என்னை விசாரிக்கத் தவறுவதில்லை. பின் சக்கரத்தை மூடும் கம்பித் தடுப்பு அந்த வண்டியிலும் இருந்தது. 'அழகைக் கெடுக்கிறது' என்று என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தார். விழுந்த பிறகு அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த மாசமே வண்டியை விற்று விட்டார். பெண் சொந்தச் சம்பளத்தில் 'புல்லட்' வாங்கி வந்தபோது பதினொரு நாள் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் என் மூட்டையைக் கட்டி வைத்தேன். ஜமக்காளம், தலையணை, வெந்நீர் பிளாஸ்க், புளியோதரைத் தூக்கு, மாவடு ஜாடி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அரிவாள்மணை. பெண் பார்த்தாள். புளியோதரை மட்டும் தேறியது. "அம்மா, வண்டியே கிட்டத்தட்ட 190 கிலோ. அதுக்கு மேல நீ, நான், கூடாரம். பின்னாடி பாரம் ஏறினா முன் சக்கரம் லேசாயிடும், திருப்பறப்போ சொன்ன பேச்சு கேக்காது" என்றாள். 1955-ல் சென்னையில் தயாரிக்க ஆரம்பித்த வம்சத்து வண்டியாம். மாம்பலத்து மாமியின் ஜாடியைச் சுமக்க மாட்டேன் என்கிறது!

அடுத்த சண்டை உடை விஷயத்தில். புடவை கூடாது, துப்பட்டாவும் கூடாது. கெட்டித் துணியில் கால்சட்டை, முழங்கை முழங்காலில் உறை, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கி வந்திருந்தாள். ஆனால் என் கொண்டை அதற்குள் போவேனா என்றது. கடைசியில் கொண்டையைப் பிரித்து, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி தாழப் பின்னிச் சட்டைக்குள் விட்டுக் கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். சந்திர மண்டலத்துக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு வாசலில் மூன்று வண்டிகளும் நின்றன. கிளம்பி விடுவார்கள் என்று பார்த்தால், ஆளுக்கொரு டார்ச்சுடன் தரையில் உட்கார்ந்து விட்டார்கள்! டயரில் காற்று அளந்தார்கள். இரண்டு பேரும் மூட்டையும் ஏறினால் பின் டயருக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டுமாம். சங்கிலிக்கு எண்ணெய், பிரேக், விளக்கு, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அப்போது என் வீட்டுக்காரரும் மெல்ல வந்தார். பெண்ணின் வண்டிக்குப் பின்னால் குனிந்தார். பின் சக்கரத்துத் தடுப்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் விட்டார்.

தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அது அலங்காரமல்ல, நம் உயிர். யாராவது அழகுக்காகக் கழற்றுகிறேன் என்றால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடாதீர்கள்.

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரையில் நான் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தேன். அட, இதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது! மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போகவில்லை. பக்கத்தில் பக்கத்திலும் போகவில்லை. ஒருவர் இடப்புறம், அடுத்தவர் தள்ளி வலப்புறம் என்று கோலப் புள்ளி மாதிரி இடைவெளி விட்டுப் போனார்கள். பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைத்து விடுவார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தித் தண்ணீர். எனக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்திருந்தார்கள்: வண்டி சாயும்போது நானும் அதோடு சாய வேண்டும், பயந்து எதிர்ப்பக்கம் நெளியக் கூடாது. குடும்ப வாழ்க்கையில் எனக்குப் பழக்கமான வேலைதான்!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, அடிவாரத்துப் பொன்னேரிக்கு வந்தோம். சென்னைக்கு வடக்கே இருக்கும் பொன்னேரி அல்ல. இது திருப்பத்தூர் ஜில்லாவில் இருப்பது. அங்கிருந்து மலைப்பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏழுக்குப் புலவர்கள் பெயர். ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். திருவள்ளுவரையும் கம்பரையும் ஔவையாரையும் வேண்டிக் கொண்டு, பாரியையும் பேகனையும் கும்பிட்டுக் கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன். பாரி முல்லைக்கொடி படரத் தேரையே கொடுத்தான். என் பெண் எனக்கு ஒரு பின் ஸீட் கொடுத்தாள்.

கூடாரத்தைக் காட்டில் கண்ட இடத்தில் போடவில்லை. கூடாரம் போட அனுமதிக்கும் ஒரு தோட்டத்தில் பணம் கட்டி இடம் பிடித்திருந்தார்கள். இடம் பார்த்ததோ, வீடு கட்ட மனை பார்த்த மாதிரி! தாழ்வான இடம் வேண்டாம், தண்ணீர் தேங்கும். காய்ந்த கிளை உள்ள மரத்தடி வேண்டாம், விழுந்து வைக்கும். அடியில் விரித்த தார்ப்பாயின் ஓரம் வெளியே நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது; நீட்டினால் மழைத் தண்ணீரை அதுவே ஏந்தி நம் முதுகுக்கு அடியில் கொண்டு வந்து விடும். குளிருகிறதே, அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்தால் என்ன என்றேன். அத்தனை பேரும் ஒரே குரலில் "கூடாது!" என்றார்கள். மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு சேரும்; அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும். இத்தனை வருஷம் அடுப்போடு குடித்தனம் நடத்தியவள் நான். இதை அன்றுதான் அறிந்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்துக் கொண்டது. கையை நீட்டித் தரையைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரமில்லை. பக்கத்தில் பெண் சிறு குழந்தை மாதிரி தூங்கினாள்.

எதற்கு இவ்வளவு நாள் பயந்தேனோ, அது ஞாயிறு காலை இறங்கும்போது நடந்தது. மூவரும் கீழ்க் கியரில், பிரேக்கை மட்டும் நம்பாமல் மெதுவாகத்தான் வந்தார்கள். ஒரு வளைவில் மழை அடித்துக் கொண்டு வந்த மணல். முன்னால் போன காலேஜ் சிநேகிதியின் வண்டி அப்படியே சறுக்கிச் சாய்ந்தது. நான், "ஐயோ!" என்று அலறினேன். அலறியவள் நான் ஒருத்திதான்.

பெண் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஆபீஸ்காரியின் கணவர் விழுந்தவளிடம் ஓடாமல் மேல் வளைவுக்கு ஓடினார். வரும் வண்டிகளை நிறுத்துவதற்கு! ஆபீஸ்காரி கீழ் வளைவுக்கு ஓடினாள். என் பெண் சிநேகிதியிடம் போய், "எழுந்திருக்காதே. தலை பட்டுதா? கழுத்து வலிக்கறதா? விரலை அசை" என்று நிதானமாகக் கேட்டாள். எல்லாம் சரி என்ற பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கையுறை கிழிந்திருந்தது, உள்ளங்கை கிழியவில்லை. முழங்காலுக்கு மேலே மட்டும் ஒரு சிராய்ப்பு. அரைமணி உட்கார வைத்து, வாணியம்பாடியில் ஒரு டாக்டரிடம் காட்டி ஊசி போட்ட பிறகுதான் ஊர் திரும்பினோம்.

வழி நெடுக யோசித்துக் கொண்டே வந்தேன். நாம் பெண்களை வாசலில் நின்று, "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று அனுப்புகிறோம். பிறகு வயிற்றில் நெருப்பைக் கட்டிக் கொண்டு காத்திருக்கிறோம். அதற்குத்தான் ஜாக்கிரதை என்று பெயர் என நினைக்கிறோம். அது கவலை. ஜாக்கிரதை என்பது வேறு. அது காற்றை அளப்பது, தார்ப்பாயின் ஓரத்தை மடிப்பது, விழுந்தவளிடம் ஓடுவதற்கு முன் வளைவுக்கு ஓடுவது. என் முப்பது வருஷக் கவலை ஒரு கம்பித் தடுப்பின் வேலையைச் செய்யவில்லை.

இருட்டும் வேளைக்கு வீடு வந்தோம். அவர் தெருமுனையிலேயே நின்று கொண்டிருந்தார். எத்தனை நேரமாகவோ, தெரியாது. நான் இறங்கியதும், "மணிக்கட்டு வலிக்கலையே?" என்றார். பிறகு, பெண் வண்டியை உள்ளே தள்ளிக் கொண்டு போகும் வரையில் காத்திருந்து, "அன்னிக்கு அதை நான் கழட்டியிருக்கப்படாது" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்த சாமானை ஒரு வழியாக இருவருமாகக் கீழே இறக்கினோம்.

"பழசைப் பேசி என்ன? வாங்கோ, காபி போடறேன்" என்றேன். காபி குடித்து முடித்ததும் அவர் மெதுவாகப் பெண்ணிடம், "அடுத்த தடவை எப்போ போறேள்?" என்று விசாரித்தார்.

"அப்பா, என் வண்டியில ஒரு பின் ஸீட்டுதான் இருக்கு. அது அம்மாவுக்கு ரிசர்வ் ஆயிடுத்து!"