செயலி இருக்கட்டும், ஞானஸ்நானப் புத்தகத்தை என்ன செய்யப்போகிறோம்?

எங்கள் பங்குக்கு ஒரு கைப்பேசிச் செயலி வேண்டும் என்று இளையோர் கேட்கிறார்கள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதற்குப் பணம் ஒதுக்குவது பற்றிப் பேச்சு வரும். ஈப்போவில் தமிழ்ப் பூசை நடக்கும் கோயில்களில் எங்களுடையதும் ஒன்று. பெயர் இங்கே அவசியமில்லை. நான் ஓய்வுபெற்ற பள்ளிக் கிராணி. வாரத்தில் சில காலைகளில் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பேன், சான்றிதழ் எழுதிக் கொடுப்பேன். செயலிக்கு எதிராகக் கை தூக்கமாட்டேன். அதில் முதலில் எது வர வேண்டும் என்பதில்தான் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.

அவர்கள் காட்டிய பட்டியல் அழகாகத்தான் இருந்தது. பூசை நேரம், நேரலை, அன்றைய வாசகம், பாட்டு வரிகள், செபமாலை, காணிக்கைக்கு டூயிட்நவ் கியூஆர், அன்பியக் கூட்ட அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து. இதில் எது இப்போது கிடைக்காமல் தவிக்கிறோம்? பூசை நேரம் வாசல் பலகையிலும் முகநூலிலும் இருக்கிறது. அன்பிய அறிவிப்பு புலனத்தில் வருகிறது, வந்ததையே நாலு பேர் திரும்பவும் அனுப்புகிறார்கள். விவிலியத்துக்கு அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்துச் சபை ஒன்று உருவாக்கிய யூவெர்ஷன் 2008-லேயே ஐபோனுக்கு வந்துவிட்டது. தமிழும் அதில் உண்டு. நேரலையை 2020 கற்றுக்கொடுத்தது. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, ஏப்ரல் 12-இல் உயிர்ப்புப் பெருவிழா. அந்த ஆண்டுப் பாஸ்காவை மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தவர்கள் நாம். அதெல்லாம் பழகிப்போயிற்று. பழகியதை ஒரே உறையில் போட்டுத் தருவதற்கு அவ்வளவு பணமா என்பது என் முதல் கேள்வி.

அலுவலகத் தொலைபேசியில் வரும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். கிள்ளானிலிருந்து, ஜொகூர் பாருவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து வரும். "ஆன்ட்டி, நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்தேன். எனக்கு நாலு வயசுல தோட்டத்த வித்துட்டாங்க. ஞானஸ்நானம் எந்தக் கோயில்ல எழுதினாங்கன்னு அம்மாவுக்கும் தெரியல. இப்ப கல்யாணம், சர்ட்டிபிகேட் கேக்குறாங்க." குரல் மாறும், தோட்டம் மாறும், கேள்வி இதேதான்.

ஏன் கேட்கிறார்கள் என்பது கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். பங்குக் குருக்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்ற கட்டளை 1563-இல் திரிதெந்தின் சங்கத்தில், திருமணத்தை முன்னிட்டுப் பிறந்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தில் அது 535-ஆம் பிரிவு. ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒருவர் பெயர் ஏறினால், பிறகு அவர் பெறும் உறுதிப்பூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் அதே வரியின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆகவே கல்யாணத்துக்குக் கேட்கும் சான்று பழையதாக இருக்கக்கூடாது. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருப்பது வழக்கம். வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் காகிதம் போதாது. பெயர் எழுதிய அந்தக் கோயிலையே மறுபடியும் தேடிப் பிடிக்க வேண்டும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கோயில் எது என்பதுதான் சிக்கல். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு வருவார். அன்றைக்குப் பூசை, பாவசங்கீர்த்தனம், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் எல்லாம் ஒரே காலையில் முடியும். பெயர் ஏறுவது டவுன் கோயில் புத்தகத்தில். சில இடங்களில் லாரி பிடித்து எல்லோரும் டவுனுக்குப் போவார்கள். பிற்பாடு புதிய பங்குகள் பிரிந்தன. எல்லை மாறியது, பழைய புத்தகம் தாய்ப் பங்கிலேயே தங்கிவிட்டது. 1955-இல் பினாங்கு மறைமாவட்டம் தனியாக அமைந்தபோது பேராக் அதன் கீழ் வந்தது. ஒரே தோட்டத்தில் பிறந்த அக்காள் தம்பி பெயர்கள் இரண்டு ஊர்ப் புத்தகங்களில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ரப்பர் நம் மாநிலத்துக்கு வந்த கதையைச் சொல்ல ஒரு தேதி இருக்கிறது: 1877, கோலகங்சாரில் ஹியூ லோவின் தோட்டம். போன கதைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின; அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட் தொகுதியின் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாகி, பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அப்புறம் பால்மரம் போய்ச் செம்பனை, செம்பனையும் போய்த் தாமான். லயம் இடிந்தது, ஆயாக்கொட்டகை இடிந்தது, சிற்றாலயம் இருந்த இடம் தெரியவில்லை. சனங்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் கிள்ளானுக்கும் போனார்கள். போகாமல் ஊரில் நின்றது அந்தப் புத்தகம் ஒன்றுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் கோயில் வாசலைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பூசை நேரம் காட்ட ஒரு செயலி கட்டுகிறோம்.

நான் கேட்பது இதுதான். முதல் வேலையாக, எங்கள் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களுக்கு ஓர் அட்டவணை வேண்டும். பெயர், தாய் தகப்பன், ஞானப்பெற்றோர், பிறந்த ஆண்டு, தோட்டம், புத்தக எண், பக்கம். கூடவே ஓர் எளிய வலைப்பக்கம். கிள்ளானில் இருக்கிற பெண் அதைத் திறந்து, தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்பட்டும். தோட்டத்தின் பெயர் சரியாகத் தெரியாவிட்டால், "பெரிய பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் பெட்டி ஒன்று இருக்க வேண்டும்.

செயலியை விட்டுவிட்டு வலைப்பக்கம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆப்பிள் கடையில் செயலி வைக்க ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். கூகுளில் ஒரு தடவை 25 டாலர். அதைக்கூடக் கட்டிவிடலாம். செய்து கொடுத்த பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டால்? அடுத்த ஆண்ட்ராய்டு வரும்போது யார் புதுப்பிப்பது? வாழ்நாளில் ஒருமுறை சான்று கேட்கிறவள் எங்கள் செயலியைப் பதிவிறக்கி வைத்திருக்கமாட்டாள். வலைப்பக்கம் எந்தக் கைப்பேசியிலும் திறக்கும்.

அட்டவணை போடுவது கேட்க எளிது, செய்வது எளிதல்ல. எழுதியவர்கள் பெரும்பாலும் பாரிஸ் அந்நிய மறைபோதக சபைச் சாமியார்கள். பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றிய ரெனே ஃபே சாமியார் அந்தச் சபைக்காரர்தான். 1896-இல் மலாக்கா ஆயராகவும் ஆனார். தமிழ் பேசத் தெரிந்தவர்கள், ஆனால் எழுதியது லத்தீனில், எழுத்துக்கூட்டியது பிரெஞ்சுக் காதால். சவரிமுத்து ஒவ்வொரு சாமியார் கையிலும் ஒவ்வொரு மாதிரி. சூசை என்று கூப்பிட்ட பிள்ளை புத்தகத்தில் ஜோசப்புஸ். அருளப்பன் யோவான்னெஸ், ராயப்பன் பேத்ருஸ், ஞானப்பிரகாசம் அலோசியுஸ். கணினியில் சூசை என்று தட்டினால் ஒன்றும் வராது. இரண்டும் ஒரே ஆள் என்று அதற்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பெயர்களும் அப்படியே. துரை வைத்தது ஒன்று, ஆள்கள் அழைத்தது ஒன்று.

மையும் பொறுக்காது. பழைய மையில் இரும்புச் சத்து உண்டு, ஈப்போவின் ஈரக்காற்றில் அது தாளை எழுத்து வடிவத்திலேயே அரித்துக்கொண்டு போகும். சில பக்கங்களில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது. நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியாலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்தால் மீதியாவது தப்பும்.

தமிழில் தட்டெழுதுவதும் தேடுவதும் முடியாத காரியம் என்று இந்த நாட்டில் யாரும் சொல்லக்கூடாது. முரசு அஞ்சலை உருவாக்கியவரும், 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினத்தைக் கொண்டுவந்தவரும் நம் முத்து நெடுமாறன்தான். அப்படியிருந்தும் எங்கள் பங்கு அறிவிப்புகள் இன்னும் படமாகத்தான் புலனத்தில் வருகின்றன. கண் மங்கியவர்களால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடியாது, படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் புரியாது. இது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

பஞ்சத்தில் சிதறிய அயர்லாந்துக்காரர்கள் எங்களுக்கு முன்பே இதைச் செய்தார்கள். 2015-இல் அந்த நாட்டுத் தேசிய நூலகம், 1880 வரையிலான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பாஸ்டனிலும் சிட்னியிலும் இருக்கிற கொள்ளுப்பேரன் தன் வீட்டிலிருந்தே தேடலாம். எங்களுக்கு அப்படி எல்லாவற்றையும் திறந்துவிட முடியாது. எங்கள் புத்தகத்தில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

பேரவையில் வரப்போகும் எதிர்ப்பு இங்கேதான் வரும், அதில் நியாயமும் உண்டு. தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் கோடு போட்ட வரிகள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. தத்துப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தங்களுக்கே அது தெரியாதவர்கள். ஆகவே அட்டவணையை அலுவலகத்தைத் தவிர யாரும் பார்க்கக்கூடாது. வலைப்பக்கம் கேள்வியை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். 2008-இல் வத்திக்கான் உலகெங்கும் ஆயர்களுக்குச் சொன்னது நினைவிருக்கட்டும்: இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கமுள்ள மோர்மோன் சபையின் வம்சாவளிச் சங்கத்துக்குப் பங்குப் பதிவேடுகளைத் தராதீர்கள் என்று. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிபப் பரிமாற்றங்களைப் பற்றியதுதான். ஆனாலும் ஒருவரின் சமய நம்பிக்கையை அது கூடுதல் காப்பு வேண்டிய தரவுகளில் சேர்த்திருக்கிறது. சட்டம் நம்மைத் தொடுகிறதோ இல்லையோ, அந்த அளவுக்காவது நாம் கவனமாக இருக்கலாம்.

இதைச் சொல்லும்போது பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் செயலியில் உறுப்பினராகச் சேர மைகார்டு எண் கேட்டிருக்கிறீர்களே, எதற்கு? அந்தப் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையென்றால் ஆண், இரட்டைப்படையென்றால் பெண். பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதற்கு இவ்வளவும் வேண்டாம்.

இன்னொரு வகை அழைப்பும் வருவதுண்டு, அது கல்யாணத்துக்கானதல்ல. தோட்டத்து மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்பைப் பதியாமலே வளர்ந்து, சிவப்பு அடையாள அட்டையோடோ அதுவும் இல்லாமலோ வயதானவர்கள். சிலருக்குப் பேரப்பிள்ளைகள் எடுத்துக் கேட்கிறார்கள். ஞானஸ்நானச் சான்று பிறப்புச் சான்றிதழ் ஆகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் தாய் தகப்பன் பெயரும், தேதியும், தோட்டமும் ஒரே வரியில் எழுதப்பட்ட வேறு காகிதம் அவர்களிடம் கிடையாது. பதிவிலாகாவுக்குப் போகும்போது எதையாவது கையில் எடுத்துப் போக வேண்டும் அல்லவா? மெதடிஸ்ட், லுத்தரன் தமிழ்ச் சபைகளிலும் இப்படிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவர்கள் சட்டம் வேறு. பிள்ளைகள் பிறந்த தோட்டம் ஒன்றுதான்.

எங்கள் ஒரு பங்கு செய்தால் பாதி வேலைதான் முடியும். பேராக்கின் பழைய பங்குகள் எல்லாம் ஒரே மாதிரி அட்டவணை போட்டு, மறைமாவட்ட அலுவலகத்தில் ஒன்றாகத் தேட முடிந்தால்தான் "எந்தக் கோயில்னு தெரியல" என்கிறவளுக்குப் பதில் கிடைக்கும். அதுவரை நான் ஒவ்வொரு பங்காகத் தொலைபேசி அடித்துக்கொண்டிருப்பேன்.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்று இளையோர் குழுத் தம்பி கேட்டான். பழையதிலிருந்து என்றுதான் அவன் நினைத்திருந்தான். நான் 1955-இலிருந்து 1980 வரை என்றேன். அந்தப் புத்தகங்களில் இருக்கிற பெயரை வாசித்தால், "அது மேட்டு லயத்துச் சின்னப்பன் மவ, டிரைவர் வீட்டுப் புள்ள" என்று சொல்ல ஆள் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், கைப்பேசி அதிகம் தெரியாதவர்கள். சூசையும் ஜோசப்பும் ஒரே ஆள் என்பதும், தோட்டத்துக்கு ஆள்கள் வைத்த பெயர் என்ன என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மடிக்கணினியோடு பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். செயலிக்குக் கேட்டிருக்கும் தொகையில் பள்ளி விடுமுறையில் தட்டெழுதும் பிள்ளைகளுக்குக் கூலியும், ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கும் வடைக்கும் கொஞ்சமும் ஒதுக்கினால் நான் கை தூக்குகிறேன்.